கயிற்றின் கடைசிக் கிளிப்பு

ஆறே கால் ஆகியும் பம்பரம் எழுந்து ஓடிவரவில்லை.

அம்மா அடுப்படியில் நின்றபடி காது கொடுத்துப் பார்த்தாள். கூரைத் தகரத்தில் மழை. வேறு சத்தம் இல்லை. போன மாதம்வரை இந்நேரத்துக்கு வீடு இரண்டுபட்டிருக்கும். அலமாரிக் கதவு அடித்திருக்கும், நாற்காலி சாய்ந்திருக்கும். பால் ஏன் பொங்குகிறது, மழை ஏன் சாய்வாகப் பெய்கிறது, முட்டைக்குள் எது முதலில் கெட்டியாகும் என்று கேள்விகள் வரிசைகட்டி வந்திருக்கும். ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிக்குமுன் அடுத்தது வந்து நிற்கும். ஒன்பது வயது மகளுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தது அவளுடைய தம்பி. கால் தரையில் பாவாத பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பான்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். மகள் விழித்துத்தான் இருந்தாள். கட்டில் ஓரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சாச்சா? ஏன் கூப்பிடல?"

"நீ அடுப்புகிட்ட நின்னே."

அவள் சொல்லிக்கொடுத்த பதில்தான். அடுப்பு எரியும்போதும் இஸ்திரிப்பெட்டி சூடாக இருக்கும்போதும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. கூப்பிடாமல் இருந்தால் ஒரு கிளிப்பு. சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில், துணி காயப்போடும் மரக் கிளிப்பு ஒன்றை மாட்டினாள். மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

படுக்கையைத் தட்டிப்போடும்போது தலையணை உறையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. கைகள் தாமாக உறையை உருவின. பச்சைத் தண்ணீர், ஒரு பிடி உப்பு, கட்டைவிரலால் நாலு தேய்ப்பு. வெந்நீர் பட்டால் இந்த மாதிரிக் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கறை போய்விட்டது. உறையைக் கதவின்மேல் விரித்துப் போட்டுவிட்டு முட்டையை இறக்கினாள். இந்த ஈரத்தில் எப்போது காயுமோ என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த கவலை.

கிளிப்புக்கு ஒரு கதை உண்டு.

பம்பரத்துக்கு எழுத்து நிற்காது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறி மாறி உட்காரும். ஒரு வரியைத் தொடங்கி மூன்றாம் சொல்லுக்குள் எழுந்துவிடுவாள். ஜன்னலுக்குப் போவாள், அடுத்த பிள்ளையின் பையைத் திறப்பாள், டீச்சரிடம் கேள்வி கேட்பாள். மற்றபடி புத்தி ஊசிமுனை. எந்த ஓட்டல் துண்டுக்கு எந்த நிறக் கரை என்று நாலு வயதிலேயே சொல்லுவாள். அம்மாவோடு லாண்டரியில் வளர்ந்த பிள்ளை. டாக்டர் அவளுக்கு இருப்பதைக் கற்றல் குறைபாடு என்றார். பேர் ஒன்று கிடைத்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதுவரை எல்லோரும் அதைத் திமிர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர். சின்ன வயது டீச்சர். திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். தப்பைக் கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும், நல்லதைச் செய்த அந்த நிமிஷமே பரிசு கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் படித்து வந்த முறை. முதலில் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தார். பம்பரம் எல்லாவற்றையும் உரித்துத் தலைமையாசிரியையின் கைப்பையில் ஒட்டிவிட்டு வந்தாள். பிறகு கோலிக்குண்டு. ஒரு பையன் அதை வாயில் போட்டுக்கொண்டான். கையில் பிடிக்கிற மாதிரி, விழுங்க முடியாத மாதிரி, தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று டீச்சர் புலம்பியபோது அம்மாதான் சொன்னாள்: லாண்டரியில் பழைய மரக் கிளிப்பு கூடை நிறையக் கிடக்கிறது.

வகுப்பின் சுவரோடு ஆளுக்கொரு கயிறு கட்டினார்கள். ஒரு பாடவேளை முழுக்க இடத்தைவிட்டு எழாமல், நடுவில் பேசாமல் இருந்தால் ஒரு கிளிப்பு. கயிறு நிறைந்தால் கேட்டது கிடைக்கும். ஒரு பையன் டீச்சருடைய சைக்கிள் மணியை வேண்டியமட்டும் அடிக்கக் கேட்டான். பம்பரம் லாண்டரி வண்டி கேட்டாள். ஈரத் துணியைக் குவித்துத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய கான்வாஸ் வண்டி. சின்னதாக இருந்தபோது அவளை அதில் உட்காரவைத்து அம்மா தள்ளுவாள். புது மேஸ்திரி வந்தபின் அது நின்றுபோயிற்று. அம்மா போய்க் கேட்டபோது மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். கொதிகலன் பக்கம் போகாமல் ஒரே ஒரு சுற்று என்றால் தன் கண்ணில் படாமல் நடக்கட்டும் என்றார்.

விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் அது விளையாட்டில்லை. பம்பரத்தின் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கிறது என்று புகார். இந்தப் பருவம் முடிவதற்குள் அடங்கி உட்காரப் பழகாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அங்கே வாரம் முழுக்கத் தங்க வேண்டும். புருஷன் கப்பலில் சமையல்காரன், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன். மகளும் போய்விட்டால் வீட்டில் யாருக்காக விளக்குப் போடுவது. அன்றைக்கே லாண்டரியிலிருந்து இன்னொரு பிடி கிளிப்பு கொண்டுவந்து சமையலறையிலும் கயிறு கட்டினாள். பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்றிருந்தால் பிள்ளை குழம்பும் என்று நினைத்தாள். வாங்கி வந்த மருந்தில் சீக்கிரம் குணம் தெரியட்டும் என்று ஒரு வேளை கூடுதலாகக் கொடுப்பதுபோலத்தான் அது.

மருந்து வேலை செய்தது. கயிறு நிறைந்துகொண்டு வந்தது.

தம்பி லாண்டரியின் வேன் ஓட்டுகிறான். காலையில் அக்காவையும் அவள் மகளையும் ஏற்றிக்கொண்டு, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு லாண்டரிக்குப் போவான். பின்னால் அழுக்கு மூட்டைகள். முன்னால் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அன்று மகள் நடுவில் உட்கார்ந்து முன்கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மருமகளே, மாமாகூடப் பேச்சு வார்த்தை இல்லையா?"

பதில் இல்லை.

"வண்டியில ஆள் இருக்கா, மூட்டை இருக்கான்னே தெரியலக்கா. முன்னெல்லாம் இவ பேசுற பேச்சுல எனக்கு ஹாரன் அடிக்கவே வேண்டியதில்ல."

"சும்மா வாடா. இப்பத்தான் அடங்கியிருக்கா. நீ வேற கண்ணு வெக்காதே."

"அடங்கினாளா, அடக்கினீங்களா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"கயிறைச் சுத்துறது பம்பரம் சுத்தத்தான்க்கா. நீங்க ரெண்டு பேரும் கட்டிப்போடச் சுத்துறீங்க. நீயும் அந்த டீச்சரும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகாதவன், ஆயிரம் பேசுவான். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பி வரப்போவது அவனா.

பள்ளி வாசலில் டீச்சர் குடையோடு நின்றிருந்தார். மழையிலும் முகம் மலர்ந்திருந்தது. மகள் உள்ளே போனபின் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, நாளைக்கு வாசிப்புப் பாடவேளையோடு கயிறு நிறைந்துவிடும் என்றார். அதற்கு மறுநாள் தலைமையாசிரியை நம் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார், கயிற்றைக் காட்டிப் பேசிவிடலாம், இனி பயமில்லை என்றார்.

"இந்த வாரம் ஒரு சத்தம் இல்லம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல. அவ்வளவு கவனம்."

அவளுக்குக் கண் கரித்தது. டீச்சரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க நல்லா இருக்கணும் என்று சொன்னாள். வேனில் ஏறி உட்கார்ந்தபின் சந்தோஷம் ஏனோ நிலைக்கவில்லை. வீட்டில் எதையோ அணைக்காமல் வந்துவிட்டதுபோல் இருந்தது. அடுப்பை நினைத்துப் பார்த்தாள். அணைத்தாயிற்று. தண்ணீர்க் குழாய், அதுவும் மூடியாயிற்று.

மழைக்காலத்தில் லாண்டரியில் ஆளுக்குக் கை பத்தாது. வெளியே எதுவும் காயாது. எல்லாம் உலர்த்தும் இயந்திரத்துக்குள்தான் போக வேண்டும். அவை மூன்றுதான். இரண்டு ஓட்டல், ஓர் ஆஸ்பத்திரி. விரிப்பு, துண்டு, உறை என்று மூட்டைகள் வாசல்வரை நின்றன. அவளுக்கு மடிப்பு மேசை. விரிப்பின் இரு முனையை அவள் பிடிப்பாள், எதிர் முனையைக் கஞ்சிக்காரி பிடிப்பாள். ஒரு உதறு, ஒரு மடிப்பு, நெஞ்சோடு சேர்த்து நடந்து வந்து முனைகளை ஒப்படைப்பது. மேசைத் துணிகளுக்குக் கஞ்சி போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். குணத்திலும் விறைப்புத்தான். அன்று அவள் இரண்டு தடவை முனையை நழுவவிட்டபோது கஞ்சிக்காரி உதட்டைச் சுழித்தாள்.

"கப்பல்காரர் கனவுல வந்தாரா? கையி இங்க இல்லையே."

"மனசு சரியில்லடி."

"உனக்கு மனசு சரியா இருந்த நாளைச் சொல்லு, எழுதி வெச்சுக்கறேன்."

பொண்ணு அடங்கிவிட்டாள், நாளைக்குக் கயிறு நிறைகிறது என்றாள். கஞ்சிக்காரி முனையை வாங்கிக்கொண்டே, நல்ல சேதியை இப்படி எழவு வீட்டுக் குரலில் சொல்லுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. அக்கம்பக்கத்துச் சட்டைகளை வாங்கி இஸ்திரி போடுவாள். மகள் பலகையின் மறுபக்கம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துத் தின்றாள். ஒரு பக்கத்துப் பல்லாலேயே மென்றாள். பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதுமா?"

தலையை ஆட்டினாள். இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்ததே.

கேள்விகளுக்கு நடுவில் இஸ்திரி போட்டுப் பழகிய கை. எத்தனை வருஷமாக "ம்", "ஆமா", "தெரியலடி" என்று சொல்லிக்கொண்டே காலரைத் திருப்பியிருக்கிறாள். இந்த அமைதியில் கை தடுமாறிற்று. நிமிர்ந்து நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. சட்டையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பெட்டி ஆறியபின் ஒரு கிளிப்பை எடுத்து மாட்டினாள். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை அவள் பார்த்தாள். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தலையணையில் மறுபடியும் கறை. நேற்றைவிடப் பெரிது. ஓரமெல்லாம் மஞ்சள், நடுவில் மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு. சூப்பில் தோய்த்த கையைத் துடைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு உறையை உருவினாள். பச்சைத் தண்ணீர், உப்பு. சூப்புக் கறைக்கு உப்பு எதற்கு என்று கைகளை அவள் கேட்கவில்லை. தம்பி வெளியே ஹாரன் அடித்தான்.

மத்தியானம் பிரிப்பு மேசையில் ஆள் வராததால் மேஸ்திரி அவளை அங்கே போகச் சொன்னார். வருகிற அழுக்குத் துணியை அங்கேதான் கறைவாரியாகப் பிரிப்பார்கள். வெந்நீருக்கு ஒரு தொட்டி, பச்சைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. பழைய வேலைதான், கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்துத் தலையணை உறைகளை ஒவ்வொன்றாக உதறி வீசினாள். எண்ணெய், வலது பக்கம். மருந்து, தனியாக. மஞ்சளும் நடுவில் சிவப்புப் பொட்டுமாக ஒன்று வந்தது. அதைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கு எறிந்தாள். அதேபோல் இன்னொன்று. அதையும் எறியக் கை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்து, "காது வார்டு உறை. சீழ். ஏன், முதல் தடவையா பாக்கறே?" என்றாள்.

முதல் தடவை இல்லை. அதுதான். இந்தக் கறையை நேற்றுக் காலை பார்த்தாள், இன்று காலை பார்த்தாள், இரண்டு தடவையும் அதற்கு என்ன தண்ணீர் என்பதை மட்டும் பார்த்தாள். இங்கே ஒரு நாளைக்கு ஐந்நூறு கறை வருகிறது. யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தால் மேசை நகராது. அந்தப் பழக்கத்தை வீடுவரை கொண்டுபோயிருக்கிறாள். சாய்த்த தலை. ஒரு பக்கத்துப் பல். கூப்பிட்டால் திரும்பாதது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

கையுறையைக் கழற்றினாளா என்றுகூடத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் என்ன சொன்னாள் என்பதும் தெரியவில்லை. தம்பியின் வேன் ஓட்டலுக்குப் போயிருந்தது. குடையும் இல்லாமல் நடந்தாள், கொஞ்ச தூரம் ஓடினாள், மறுபடி நடந்தாள்.

பள்ளி நடைபாதையில் ஈரக் குடைகள் விரித்தபடி கிடந்தன. தனி வகுப்பின் கதவு மூடியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். வாசிப்புப் பாடவேளை. பிள்ளைகள் முன்னால் புத்தகம். மகள் சுவரோர இருக்கையில், கைகளை மடியில் வைத்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். புத்தகம் திறந்திருந்தது. பக்கம் புரளவில்லை. அவள் தலைக்குமேல் கயிறு. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிளிப்புகள். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இடம்.

டீச்சர் அவளைப் பார்த்துவிட்டார். எழுந்து வராமல், கயிற்றைக் கண்ணால் காட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். விரல்களை விரித்து, கொஞ்ச நேரந்தான் என்று சிரித்தபடி சைகை செய்தார்.

அவள் கதவின் பிடியில் கை வைத்தாள்.

இப்போது திறந்தால் மகள் திரும்புவாள், எழுந்து ஓடிவருவாள். கடைசிக் கிளிப்பு போய்விடும். நாளைக்குத் தலைமையாசிரியை. விடுதி. கறை நேற்றிலிருந்தே இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. பிடி குளிர்ந்திருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

சுவரோடு ஒட்டி நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டி காலடியில் தேங்கிற்று. உள்ளே யாரோ ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. அது முடிந்தது. மணி அடித்தது. டீச்சர் எழுந்து கடைசிக் கிளிப்பை மாட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பம்பரம் எல்லோரும் கை தட்டுவதைப் பார்த்தபிறகு, ஒரு கணம் தாமதமாக, தானும் தட்டினாள்.

அப்புறம்தான் அவள் உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஆறிவிடும், காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இந்த அளவுக்கு வர நாலைந்து நாளாவது நல்ல வலி இருந்திருக்கும், பெரியவர்களே கத்துகிற வலி, பிள்ளை அழவில்லையா என்று கேட்டார். அவள் மகளின் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். டாக்டர் மகளிடமே குனிந்தார்.

"ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். இங்கே அடுப்பு இல்லை, இஸ்திரி இல்லை. சொல்லலாம்.

"ஸ்கூல்ல சொன்னா நடுவுல பேசினதா ஆயிடும். வீட்ல அம்மா எப்பவும் சூடா எதையாவது வெச்சிருப்பாங்க."

டாக்டருக்கு அது புரியவில்லை. மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கறையைச் சொன்னாள். அவன் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கத்தில் நின்றதையும் சொன்னாள்.

"கதவு கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சுடா. நான் மணி அடிக்கிறவரைக்கும் நின்னேன்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் எழுந்து போய்ச் சமையலறைக் கயிற்றை அவிழ்க்கப் போனான். மகள் உறங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "வேணாம் மாமா, அது என்னோடது" என்று அழத் தொடங்கினாள். அத்தனை நாள் வராத அழுகை, கயிற்றுக்காக வந்தது. தம்பி கையை எடுத்துக்கொண்டான்.

காலையில் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே பெஞ்சில் டீச்சர் காத்திருந்தார். ராத்திரி தூங்காத முகம். அவள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லச் சொல்ல டீச்சர் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். திரும்பிப் பார்க்காததைக் கவனம் என்று நினைத்தேனே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளே காதைப் பத்திப் பேச வேண்டாம்மா. கயிறு நிறைஞ்சிருக்கு. முதல்ல இடத்தை உறுதி பண்ணிப்போம். முறையை நான் மெதுவா மாத்திக்கறேன்."

டீச்சர் கெட்டவர் இல்லை. அவளும் நேற்று அதைத்தானே செய்தாள், கதவுக்கு வெளியே. சரி என்றுதான் தலையை ஆட்டினாள்.

தலைமையாசிரியையின் மேசைமேல் கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, கிளிப்புகளோடு. அவர் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். என் கைப்பையில் நட்சத்திரம் ஒட்டிய ஆளா இது என்றார். சாதாரணமாகச் சிரிக்காதவர். இந்தப் பிள்ளை இங்கேயே இருக்கலாம், இதே மாதிரி இருந்தால் போதும் என்றார்.

"இதே மாதிரி வேண்டாம் மேடம்."

சொன்னது தான்தான் என்பது அவளுக்குச் சொன்னபிறகுதான் தெரிந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப்பின் நிறுத்த முடியவில்லை. காதைச் சொன்னாள். இந்தக் கிளிப்புகளில் கடைசி நாலைந்து, பிள்ளை அடங்கியதற்குக் கிடைத்ததில்லை, வலியை விழுங்கியதற்குக் கிடைத்தது என்றாள். கிளிப்பை எடுக்கச் சொல்லவில்லை, அதை அவள் சம்பாதித்துவிட்டாள், எடுத்தால் செத்தே போவாள் என்றாள். தலைமையாசிரியை கயிற்றை மெல்லக் கீழே வைத்தார்.

"என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"வாயைத் திறந்தா ஒண்ணு குடுங்க."

"அவ வாயை மூடத்தானேம்மா இவ்வளவு பாடும்."

"புரியலன்னா புரியலன்னு சொல்லணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். அதுக்குக் குடுங்க. சும்மா உக்காந்திருக்கறதுக்கு மட்டும் குடுத்தா, அவ சும்மா உக்காந்தே இருந்துடுவா."

டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். கையைத் தூக்கிவிட்டுச் சொன்னால் கிளிப்பு என்று வைக்கலாம், எதற்காகக் கொடுக்கிறேன் என்பதை நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன், பிள்ளைமேல் தப்பில்லை என்றார். தலைமையாசிரியை கயிற்றைச் சுருட்டி டீச்சரிடம் நீட்டினார். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அடுத்த பருவத்தின் பாதிவரை பார்ப்போம், சத்தம் பழையபடி ஆனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். 'இருக்கலாம்' என்று சொல்லி வாய் மூடுமுன் அந்த 'இருக்கலாம்', 'பார்ப்போம்' என்று மாறிவிட்டது. அவள் குடையை விரித்து வெளியே வந்தாள். தப்புச் செய்துவிட்டேனோ என்று பள்ளி வாசலில் நினைத்தாள். வேனில் ஏறியபின்னும் நினைத்தாள்.

காதுச் சீழ் நின்றபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி சாப்பிடப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே போனார். தம்பி மகளைத் தூக்கிக் கான்வாஸ் வண்டிக்குள் இறக்கினான். உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஓட்டல் விரிப்புகள், இன்னும் சூடு ஆறாமல், வண்டிக்குள் பாதிவரை கிடந்தன. மகள் காதில் பஞ்சு. கஞ்சிக்காரி மடிப்பு மேசையை விட்டு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அம்மா தள்ளினாள். தொட்டிகளைத் தாண்டி, உலர்த்திகளின் ஓரமாக, நீள நடையில் வேகம் பிடித்தாள். சக்கரம் கடகடத்தது. நடையின் கடைசியில் ஒரு திருப்பம் உண்டு. முன்பெல்லாம் அந்தத் திருப்பத்தில் மகள் போடுகிற கூச்சல் இயந்திரச் சத்தத்தையும் மீறி வாசல்வரை கேட்கும். அதற்காகவே அவள் அங்கே வண்டியை ஓர் ஆட்டு ஆட்டுவாள். இன்றும் ஆட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தாள். மகள் விரிப்புகளுக்கு நடுவில், முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மின்னின. உதடு இறுக மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது, உள்ளே ஏதோ அடைத்து வைத்ததுபோல.

"கத்துடி. இந்த இரைச்சல்ல உன் சத்தம் யாருக்குக் கேக்கப்போகுது" என்றாள் கஞ்சிக்காரி தூரத்திலிருந்து. தம்பி வாயைக் குவித்துத் தானே ஒரு கூச்சல் போட்டுக் காட்டினான்.

அவள் வண்டியை நிறுத்தினாள். நல்ல காதின் பக்கம் குனிந்தாள்.

"கத்து கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மகள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அடுப்பு இல்லை. இஸ்திரி இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"கத்தினா கிளிப்பு தருவியா, எடுத்துடுவியா?"